சிப்பாங்கும் சோழவரமும்

1999 முதல் 2017 வரை சிப்பாங் ஓடுதளத்தில் ஃபார்முலா ஒன் மலேசிய கிராண்ட் பிரி பத்தொன்பது முறை நடந்தது. இதுவரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய மலேசியர் ஒரே ஒருவர்தான்: அலெக்ஸ் யோங். இந்தியாவில் 2011 முதல் 2013 வரை மூன்றே மூன்று கிராண்ட் பிரிகள்தான் நடந்தன. அங்கிருந்து வந்த ஓட்டுநர்கள் இருவர். நரேன் கார்த்திகேயன் சென்னையில் பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்தவர். கருண் சந்தோக் சென்னைக்காரர். இந்தியாவுக்குக் கிராண்ட் பிரி வருவதற்கு முன்பே இருவரும் ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்துவிட்டார்கள். அதாவது, உலகத்தரமான மைதானம் கட்டிய நாட்டுக்கு ஒருவர். போர்க்காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் ஓடிப் பழகிய ஒரு மாநிலத்துக்கு இருவர்.

கணக்கு ஏன் இப்படி வந்தது? பல வருடங்களாகக் கார் பந்தயம் பார்த்து வருகிற எனக்கு இந்தக் கேள்வி விடுவதாக இல்லை. மலாக்காவில் எங்கள் சுங்கை ரம்பாயிலிருந்து மெர்லிமாவ், ஜாசின் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால், சிரம்பான் தாண்டி, நீலாய் தாண்டி சிப்பாங் வந்துவிடும். விடியற்காலையில் கிளம்பினால் பசியாறும் நேரத்துக்குள் போய்ச் சேரலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அந்தத் தடத்தில் ஓடுகிற கார்களுக்குள் நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் உட்காருவான் என்று எங்களில் யாரும் கனவில்கூட நினைத்ததில்லை. நாங்கள் பார்க்கப் போனவர்கள். கொடி காட்டும் தொண்டூழியர்களாகச் சிலர் போனார்கள், காவலுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் சிலர் போனார்கள். காருக்குள் யாரும் போகவில்லை.

முதலில் பழைய கதை. மலேசிய கிராண்ட் பிரி என்ற பெயர் சிப்பாங்கில் பிறந்தது இல்லை. 1962இல் சிங்கப்பூர் தாம்சன் சாலையில், பொதுச் சாலையை அடைத்துத்தான் முதல் மலேசிய கிராண்ட் பிரி நடந்தது. சிங்கப்பூர் பிரிந்துபோன பிறகு, 1968இல் ஷா ஆலமில் பத்து தீகா ஓடுதளம் திறக்கப்பட்டது. அங்கேதான் இந்த நாட்டு ரசிகர்கள் திறந்த சக்கரக் கார்களைக் கிட்டத்தில் பார்த்தார்கள். ஹாங்காங்கிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஓட்டுநர்கள் வந்து ஓடிவிட்டுப் போவார்கள். 1977இல் பெரும்பேர் பெறாத ஒருவராக வந்து ஜெயித்துப் போன பாட்ரிக் தம்பே, பின்னால் ஃபெராரி அணிக்கே ஓட்டினார். தொண்ணூறுகளில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்களும் பத்து தீகாவில் நடந்தன. இப்போது அந்த இடத்தில் வீடுகள் நிற்கின்றன.

பத்து தீகா காலத்தில் மலேசிய இந்தியர்கள் வாயில் ஒரு பெயர் உண்டு: சன்னி ராஜா. நீண்ட முடியும் தொங்கு மீசையுமாக, எழுபதுகளில் யமஹா மோட்டார் சைக்கிளில் ஐரோப்பா வரை போய் உலகப் போட்டிகளில் ஓடிய இந்திய வம்சாவளி மலேசியர். நான்கு சக்கரத்தில் அப்படி யாரும் வரவில்லை. இரண்டு சக்கரத்தில் ஏன் முடிந்தது என்பதை இங்கே கேட்டு வைக்கிறேன். பதில் பின்னால் வரும்.

சிப்பாங்கைப் பற்றி நான் குறை சொல்லப் போவதாக நினைத்துவிட வேண்டாம். அது நல்ல ஓடுதளம். செம்பனை நின்ற நிலத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹெர்மன் டில்கே என்ற ஜெர்மானியர் வரைந்து கொடுத்தது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், பதினைந்து வளைவுகள், பந்தயம் 56 சுற்று. இரண்டு நீண்ட நேர்கோடுகளை முதுகோடு முதுகு ஒட்டி வைத்து, இரண்டின் முடிவிலும் கடுமையாகப் பிரேக் பிடிக்கும் வளைவுகளை வைத்தார். முந்துவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. டில்கே பிற்பாடு வரைந்த எத்தனையோ ஓடுதளங்களில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போவதைப் பார்த்திருக்கிறோம். சிப்பாங்கில் அப்படி நடந்தது குறைவு. அவருடைய ஆரம்ப காலத்து வேலைதான் அவருடைய நல்ல வேலை என்பது என் எண்ணம்.

மழையையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கருத்து, மூன்று நான்கு மணிக்கு ஊற்றிவிட்டுப் போகும் மழை நமக்குப் பழக்கம். ஐரோப்பாக்காரர்களுக்கு அது அதிர்ச்சி. 2001இல் இரண்டு ஃபெராரிகளும் மழையில் தடத்தை விட்டு வழுக்கிப் போய், திரும்பி வந்து, முதல் இரண்டு இடங்களையும் பிடித்தன. 2009இல் ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு வசதியாக இருக்கட்டும் என்று பந்தயத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தள்ளினார்கள். சிப்பாங்கில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வானம் என்ன செய்யும் என்று பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். மழை கொட்டி, இருட்டிப் போய், பந்தயம் பாதியில் நின்றது. ஜெயித்த ஜென்சன் பட்டனுக்குப் பாதிப் புள்ளிகள் கொடுத்து அனுப்பினார்கள்.

சத்தத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2005 வரை அந்தக் கார்களில் பத்து சிலிண்டர் எஞ்சின், மூன்று லிட்டர், நிமிடத்துக்குப் பத்தொன்பதாயிரம் சுழற்சிக்குக் கிட்டப் போகும். மலிவு டிக்கெட்டில் புல்மேட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது காதில் விழுகிற சத்தம் இல்லை. நெஞ்செலும்பில் விழும். கார் கண்ணில் படுவதற்கு முன்பே எந்த அணியின் கார் என்று சத்தத்தை வைத்துச் சொல்லும் ரசிகர்கள் இருந்தார்கள். நானும் சொல்வேன், பாதி நேரம் சரியாக இருக்கும். 2006இல் எட்டு சிலிண்டர் ஆனது. 2014இல் மின்சாரமும் சேர்ந்த ஆறு சிலிண்டர் டர்போ வந்தது. எரிபொருளை மிச்சப்படுத்தும் அருமையான எஞ்சின் என்று பொறியாளர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் புல்மேட்டில் இருந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். பந்தயத்தின் நடுவே பேச முடிந்த வருடத்தில்தான் கூட்டம் குறைய ஆரம்பித்தது என்று என் நண்பர் ஒருவர் வாதாடுவார். டிக்கெட் விலையும், 2008இல் சிங்கப்பூரில் தொடங்கிய இரவுப் பந்தயமும் அதைவிடப் பெரிய காரணங்கள். இருந்தாலும் அவர் வாதத்தை நான் முழுக்கத் தள்ளிவிடுவதில்லை.

சிப்பாங் என்ற மாடி இப்படி அழகாக எழும்பியது. அதற்கு ஏறிப்போகப் படிகளைக் கட்டினார்களா என்பதுதான் கேள்வி.

அலெக்ஸ் யோங் கோலாலம்பூரில் பிறந்தவர். அப்பாவே கார் பந்தயக்காரர். 2001இல் மோன்சாவில் மினார்டி அணியில் அறிமுகமானார். 2002 ஆஸ்திரேலியப் பந்தயத்தில் ஏழாவதாக முடித்தார். அந்தக் காலத்தில் முதல் ஆறு இடங்களுக்கு மட்டும்தான் புள்ளி. இன்றைய விதி இருந்திருந்தால் ஆறு புள்ளி கிடைத்திருக்கும். அதே வருடம் மூன்று பந்தயங்களில் தகுதிச் சுற்றில் போதிய வேகம் இல்லாமல் வெளியே நிற்கவும் நேர்ந்தது. நம் ஆட்கள் அவரைக் கேலி செய்தார்கள். காப்பிக்கடையில் நான் கேட்டிருக்கிறேன். கேலி செய்தவர்கள் யாரும் மினார்டியின் நிலைமையைப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில் நிற்கிற, மற்ற அணிகளின் பணத்தில் சிறுபங்கைக்கூடக் காணாத அணி அது. பிற்பாடு ஏ1 கிராண்ட் பிரி என்ற தொடர் வந்தது. எல்லா நாடுகளுக்கும் ஒரே மாதிரிக் கார். அதில் இதே யோங் மலேசிய அணிக்காக ஓட்டிப் பந்தயங்களை வென்றார். இதே தொடரில் நரேன் கார்த்திகேயன் 2007 டிசம்பரில் ஜுஹாயில் இந்திய அணிக்கு முதல் வெற்றியை வாங்கிக் கொடுத்தார். காரைச் சமமாக்கினால் ஓட்டுநர்களும் சமமாகிறார்கள். இது ஒரு சாட்சியம்.

இனி சோழவரம். சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர் காலத்தில் போட்ட விமான ஓடுபாதை. ஐம்பதுகளில் சென்னைக்காரர்கள் அங்கே பந்தயம் தொடங்கினார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தக் காலத்தில் உருவானது. கருணின் தாத்தா இந்து சந்தோக் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். ஆண்டுக்கு ஒருமுறை பந்தயம், ஆயிரமாயிரமாய்க் கூட்டம், தூசி, வெயில். பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கார் கொண்டுவந்தார்கள். மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே வரவழைத்து அங்கே ஓட்டினார். பிற்காலத்தில் ஃபோர்ஸ் இந்தியா அணியை நடத்திய அதே மல்லையாதான். இது வரை கதையில் விசேஷம் ஒன்றும் இல்லை. பணம் உள்ளவன் கார் வாங்குவான், ஓட்டுவான். பத்து தீகாவிலும் அதே கதைதான்.

வித்தியாசம் கோயம்புத்தூரில் வந்தது. லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் நல்ல ஓட்டுநர். அதைவிட நல்ல பட்டறைக்காரர். வெளிநாட்டுக் காரை வாங்கி ஓட்டுவது ஒருவனுக்கு மட்டும் உதவும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். 1988இல் அவர் ஃபார்முலா மாருதி என்ற காரை உருவாக்கினார். இந்தியாவில் அப்போது தெருவெல்லாம் ஓடிக் கொண்டிருந்த மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, நான்கு சக்கரத்தையும் வெளியே திறந்து வைத்த ஒற்றை இருக்கைக் கார். வேகம் பெரிதாக இல்லை. சாமான் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். எஞ்சின் போனால் பட்டறைப் பையன் பிரித்துப் போடுவான். எல்லோருக்கும் ஒரே கார். எனவே முன்னால் வருகிறவன் திறமையால்தான் வருகிறான் என்பது தெரிந்துவிடும்.

கோயம்புத்தூர் என்ன ஊர் என்று இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பம்ப் செட், நெசவு இயந்திரம், வார்ப்படம், சங்கிலி. ஒரு பல்சக்கரம் வேண்டுமென்றால் தெருமுனையில் வெட்டித் தருவார்கள். ஃபார்முலா மாருதி அந்த மண்ணில்தான் பிறந்திருக்க முடியும். பிற்பாடு சங்கிலி செய்யும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் பெயரில் ஃபார்முலா எல்.ஜி.பி. வந்தது. அதே நிறுவனத்தின் ரோலான் பெயரிலும் ஒரு கார் வந்தது. 1990இல் மெட்ராஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தன் சொந்த ஓடுதளத்தைத் திறந்தது. கோவைச் செட்டிபாளையத்தில் 2003இல் வந்த ஓடுதளத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று கரிவரதன் பெயரையே வைத்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. 1995இல் ஒரு சிறுவிமான விபத்தில் இறந்துவிட்டார்.

நரேனுடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ரேலியைப் பலமுறை ஜெயித்தவர். நரேன் முதலில் ஓட்டிய பந்தயக் கார் ஃபார்முலா மாருதி. அதன் பிறகு பிரான்சில் பயிற்சி, இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு. 1996இல் ஆசியாவின் பல நாடுகளில் நடந்த ஃபார்முலா ஏஷியா தொடரின் சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர். அடுத்து பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ. 2001 ஜூனில் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் ஃபார்முலா ஒன் காரைச் சோதனைக்கு ஓட்டினார். 2005இல் டாடாவின் ஆதரவோடு ஜோர்டன் அணியில் இடம். பட்டியலைப் பாருங்கள்: ஒரு படி விட்டு இன்னொரு படிக்குத் தாவியது கிடையாது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் வேகம், நிறையச் செலவு. முதல் படி மட்டும் கோயம்புத்தூரில், கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது.

2005 மார்ச் 20. சிப்பாங்கில் மஞ்சள் நிற ஜோர்டனில் நரேன். அது அவருக்கு இரண்டாவது பந்தயம். பதினொன்றாவதாக வந்தார். அன்று முன்வரிசையில் அலோன்சோ ஜெயித்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. புல்மேட்டில் இருந்த நம்மவர்கள் அந்த மஞ்சள் காரைக் கடைசிவரை எண்ணிக் கொண்டிருந்தார்கள். மலேசியக் கொடி போர்த்தியவர்கள் இந்தியக் கொடி ஏந்தியவர்களைப் பார்த்து முகம் சுளித்ததும் நடந்தது. யாருக்குக் கை தட்டுவது என்ற சங்கடம் மலேசியத் தமிழனுக்குப் புதிது இல்லை. ஹாக்கியில் பார்த்தது, கிரிக்கெட்டில் பார்த்தது. ஆனால் ஒன்று: அந்தக் காருக்குள் இருந்தவர் தமிழில் பேசுகிறவர். யோங்கைக் கேலி செய்த அதே ஆட்கள் அன்று நரேன் ஒரு இடம் முன்னேறினால் எழுந்து நின்றார்கள்.

அதே வருடம் ஜூனில் இண்டியானாபோலிசில் நரேன் நான்காவது இடம் பிடித்து ஐந்து புள்ளி எடுத்தார். இதைச் சொல்லும்போது முழுக் கதையையும் சொல்வதுதான் நியாயம். மிச்செலின் டயர்கள் அந்தத் தடத்தின் சாய்வான வளைவைத் தாங்காது என்று தெரிந்து, மிச்செலின் போட்ட பதினான்கு கார்களும் தொடக்கச் சுற்றோடு உள்ளே திரும்பிவிட்டன. பிரிஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள்தான் ஓடின. இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டன், இரண்டு மினார்டி. ஆறு பேரில் நான்காவது. புள்ளி புள்ளிதான், ஆனால் அதை வைத்துப் பெருமை பேசுவது எனக்கு ஒப்பாது. பெருமை பேசுவதென்றால் 2012 சிப்பாங்கைப் பேசலாம். அவர் ஓட்டியது எச்.ஆர்.டி. என்ற அணிக்கு, அந்தப் பருவத்தின் முதல் பந்தயத்தில் தகுதி வேகமே எட்டாமல் ஓடாமல் போன அணி. சிப்பாங்கில் வரிசையின் பின்பகுதியிலிருந்து தொடங்கிய நரேன், முழு மழைக்கான டயரைத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டார். மழை கொட்டிப் பந்தயத்தை நிறுத்தியபோது அவர் பத்தாவது இடத்தில் நின்றார். மறுபடி தொடங்கியதும் பட்டன் வந்து அவர்மேல் மோதித் தன் முன்சிறகை உடைத்துக் கொண்டார். கடைசிக் கட்டத்தில், நான்காவதாக ஓடிக் கொண்டிருந்த வெட்டல், நரேனைச் சுற்று கடந்து போகும்போது உரசி டயர் கிழிந்து புள்ளியே இல்லாமல் முடித்தார். பிறகு பத்திரிகைக்காரர்களிடம் நரேனைத் திட்டித் தீர்த்தார். நடுவர்கள் நரேனுக்கு இருபது விநாடி தண்டனை கொடுத்தார்கள்.

ரேலிக் காரோ வீட்டுக் காரோ அப்படி உரசினால் கதவில் கீறல் விழும், அவ்வளவுதான். இந்தக் கார்களில் சக்கரம் வெளியே நிற்கிறது, அதற்கு முன்னால் மெல்லிய சிறகு. சக்கரமும் சிறகும் பட்டால் டயர் கிழியும். சக்கரமும் சக்கரமும் பட்டால் பின்னால் வந்த கார் மேலே எழும்பும். வெட்டல் உலகச் சாம்பியன், நரேன் வரிசையின் கடைசியில் இருந்தவர். தவறு யாருடையது என்று நான் அந்தக் காட்சியைப் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். கடந்து போகிறவர் இன்னும் கையளவு இடம் விட்டிருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது. என் நண்பர்களில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

கருண் கதை சுருக்கம். 2010இல் எச்.ஆர்.டி. அணிக்காகப் பத்துப் பந்தயங்கள். முதல் பந்தயத்துக்கு முன் அந்தக் காரை அவர் ஓட்டியதே இல்லை. பஹ்ரைனில் தகுதிச் சுற்றுக்குப் போனதுதான் முதல் ஓட்டம். அந்த வருடம் சிப்பாங்கில் பதினைந்தாவதாக முடித்தார். 2011இல் லோட்டஸ் அணியில் ஜெர்மனியில் ஒரு பந்தயம். அது நம் டோனி ஃபெர்னாண்டசின் அணி, மலேசியக் கொடியின் கீழ் ஓடியது. மலேசிய அணி சென்னைக்காரருக்கு ஒரு வாய்ப்பாவது கொடுத்தது. மலேசியர் யாரும் அதன் காரில் ஒரு பந்தயமும் தொடங்கவில்லை.

பெட்ரோனாசை எடுத்துக் கொள்ளுங்கள். 1995இல் சவ்பர் அணிக்கு ஆதரவாளராகத் தொடங்கி, 2010இலிருந்து மெர்சிடிஸ் அணியில். மெர்சிடிஸ் 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை அணிச் சாம்பியன். அத்தனை வெற்றியிலும் காரின் பக்கவாட்டில் நம் நாட்டு எண்ணெய் நிறுவனத்தின் பெயர். வியாபாரக் கணக்கில் அது நல்ல முதலீடாக இருந்திருக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பணம் உச்சியில்தான் போய் விழுந்தது. சிப்பாங்கும் உச்சிதான். நடுப்படிகளில் போட்டது குறைவு. முதல் படியில் போட்டது அதைவிடக் குறைவு.

இந்த நாட்டில் முதல் படி போட்ட இடமும் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். 1994இல் கப் பிரி தொடங்கியது. கப்சாய் என்று நாம் சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிள், தோட்டத்தில் பால் எடுக்கப் போனவர்களும் பள்ளிக்குப் போகிற பையன்களும் ஓட்டியது. அதைத் திருத்தி ஊர் ஊராகப் பந்தயம். இருபத்தைந்து வருடத்துக்குள் என்ன நடந்தது பாருங்கள்: சுல்ஃபாமி கைருடின் 2012இல் சிப்பாங்கிலேயே உலக மோட்டோ3 மேடையில் ஏறினார். கைருல் இடாம் பாவி 2016இல் மோட்டோ3 பந்தயம் ஜெயித்தார். ஹஃபீஸ் ஷாஹ்ரின் 2018இல் மோட்டோ ஜி.பி.யின் முதல் மலேசிய ஓட்டுநர் ஆனார். ரேலியிலும் அப்படித்தான். 2002இல் கரம்ஜிட் சிங் புரோட்டோன் காரில் உலக உற்பத்திக் கார் ரேலிச் சாம்பியன் ஆனார். உள்ளூர்க் கார், உள்ளூர்ச் சாமான், உள்ளூர்ப் பட்டறை. சன்னி ராஜாவின் காலத்திலும் மோட்டார் சைக்கிள்தான் கைக்கெட்டியது. மலேசியர்களுக்கு வேகம் வராது என்ற பேச்சு இதோடு முடிந்தது. எந்த வண்டியின் விலை எட்டியதோ அந்த வண்டியில் ஆள் வந்தார்.

ஆகவே என் முடிவு இது: ஓட்டுநரை உருவாக்குவது ஓடுதளம் இல்லை, மலிவான முதல் கார். சிப்பாங்குக்கு ஆன செலவில் ஒரு சிறுபகுதியை எடுத்து, புரோட்டோன் எஞ்சின் வைத்து ஒரு ஃபார்முலா கார் செய்து, ஐம்பது பிரதி எடுத்து, ஜொகூரிலும் பினாங்கிலும் ஓட விட்டிருந்தால், இந்நேரம் யோங்குக்குப் பின் இரண்டு மூன்று பெயர் இருந்திருக்கும்.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. மலிவு என்றால் யாருக்கு மலிவு? கரிவரதன் மில் குடும்பம். கார்த்திகேயன் வசதியான குடும்பம். சந்தோக் குடும்பத்துக்கு மூன்று தலைமுறைப் பந்தயப் பழக்கம். கருணின் அப்பா விக்கி சந்தோக் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராகவே இருந்தவர். லட்சுமி மில்லில் தறி ஓட்டியவரின் மகன் ஃபார்முலா மாருதி ஓட்டினாரா? அப்படி ஓட்டிப் பெயர் வாங்கிய யாரும் என் கண்ணில் படவில்லை. நடிகர் அஜித் குமார் ஒரு விதிவிலக்கு என்று சொல்வார்கள். மெக்கானிக்காகத் தொடங்கியவர், 2003இல் ஃபார்முலா பி.எம்.டபிள்யூ ஏஷியா, 2010இல் ஃபார்முலா டூ என்று ஓடினார். உண்மைதான், ஆனால் அந்தச் செலவைக் கொடுத்தது சினிமா. இன்று ஐரோப்பாவில் ஃபார்முலா டூ ஒரு பருவத்துக்கு இருபது லட்சம் யூரோவுக்கு மேல் கேட்கிறது. ஃபார்முலா ஒன்னில் அணிகளுக்குச் செலவு உச்சவரம்பு வைத்தார்கள், 2021இல் பதினான்கரைக் கோடி டாலர். கீழே ஏறி வருகிற பையனின் அப்பாவுக்கு எந்த உச்சவரம்பும் இல்லை. பெரிய அணிகள் கோகார்ட் ஓட்டும் வயதிலேயே பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்க்கின்றன. அங்கே கண்ணில் படுவதற்கே முதலில் ஐரோப்பாவில் ஓட வேண்டும்.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன், பாதி. மலிவான கார் ஏழையை ஓட்டுநர் ஆக்காது. பெரும்பணக்காரன் மட்டுமே ஓட்டுவதை, பட்டறை முதலாளியின் மகனும் ஓட்டலாம் என்று மாற்றும். ஒரு சமூகத்தில் அது சின்ன மாற்றம் இல்லை.

நம் மலாக்காத் தமிழர்களுக்கு இந்த விளையாட்டோடு ஒரு பழைய உறவு இருப்பதாகச் சிலர் சொல்வார்கள்: டயர். மலாயாவில் வியாபாரத்துக்கென ரப்பர் நட்டது முதலில் இங்கேதான். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்டார். பிறகு புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் போட்டார். இந்த வட்டாரத் தோட்டங்களில் பால் எடுத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். டன்லப் நிறுவனத்துக்கு மலாயாவில் பரந்த ரப்பர் தோட்டங்கள் இருந்தன. அதே டன்லப் டயரில்தான் ஜாக்கி ஸ்டூவர்ட் 1969இல் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனார். கேட்க இனிக்கிறது. ஆனால் பந்தய டயர் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து செய்கிற செயற்கை ரப்பர். இயற்கை ரப்பருக்கு உண்மையான வேலை லாரி டயரிலும் விமான டயரிலும்தான். நம் பால்சட்டியிலிருந்து ஸ்டூவர்ட்டின் சக்கரம் வரை நேர்கோடு போட எனக்கும் ஆசைதான், ஆனால் வேதியியல் விடாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயம் போய்த் தாமான் வந்து, பிள்ளைகள் மலாக்கா தொழிற்சாலைகளுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட பிறகு, அந்த ஆசையும் பழைய ஆட்களுக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப் பந்தயம் நடந்தது. அதில் இந்திய ஃபார்முலா ஃபோர் கார்களும் ஓடின. 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப் போனது. அரசுப் பணம் இதற்கா என்று நீதிமன்றம் வரை சண்டை. கேள்வி நியாயமானது. ஆனால் எனக்கு அந்த வெளிச்சத்தைவிட, அதே பருவத்தின் மற்றச் சுற்றுகள் இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் கூட்டம் இல்லாமல் நடந்ததுதான் பெரிய செய்தி. தெருப் பந்தயம் நின்றாலும் அவை நடக்கும். சிப்பாங்கிலும் 2016இல் தென்கிழக்கு ஆசிய ஃபார்முலா ஃபோர் தொடங்கியது. கொரோனாவில் நின்றது. 2023இல் மறுபடி வந்தது. அதைப் பார்க்கப் போனால் மைதானத்தில் ஓட்டுநர்களின் பெற்றோரை எண்ணிவிடலாம். உள்ளூர் இளைஞர்களின் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

வீட்டில் திரைக்கு முன்னால் ஸ்டியரிங் வைத்து ஓட்டுகிற விளையாட்டைப் புதிய முதல் படி என்கிறார்கள். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனே இரவெல்லாம் அதை ஓட்டுகிறவர். என் அண்ணன் மகன் தாமான் வீட்டின் மாடியில் உட்கார்ந்து சிப்பாங்கை எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான். ஒன்பதாம் வளைவில் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறான். கப்சாயைவிட மலிவு. ஆனால் கழுத்து வலிக்காது, பயம் வராது, மழை நனைக்காது. இதிலிருந்து உண்மைக் காருக்குத் தாவியவர்கள் உலகத்தில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தாவிய இடத்தில் யாராவது ஒரு மலிவான காரைத் தயாராக வைத்திருந்தார்கள்.

சிப்பாங்குக்கு ஃபார்முலா ஒன்னைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற குரல் இடையிடையே கேட்கிறது. 2025இல் விளையாட்டுத் துறை அமைச்சர் ஹன்னா இயோ, நடத்தும் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது கோடி ரிங்கிட் ஆகும் என்று சொல்லி, அரசிடம் அந்த எண்ணம் இல்லை என்றார். என் நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். நான் வருத்தப்படவில்லை. அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை, ஒரே ஒரு வருடத்துக்கு, தொழிற்பயிற்சிக் கல்லூரிகளுக்குக் கொடுத்து, மைவி காரின் எஞ்சினில் ஒரு ஒற்றை இருக்கைக் கார் செய்யச் சொல்லலாம். மலாக்காவிலும் மூவாரிலும் பட்டறை வைத்திருக்கும் நம் ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மைவியின் எஞ்சினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் போடுவார்கள். அவர்களைக் கூப்பிட்டால் சனி ஞாயிறு வந்து நிற்பார்கள், சம்பளம்கூடக் கேட்கமாட்டார்கள்.